கடற்காற்றும் வானொலிப் பெட்டியும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டையை நோக்கி வடக்கே செல்லும் வீதியில், முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் அமைந்துள்ள ஊர் குச்சவெளி. ஒருபுறம் ஓயாது முழங்கும் கடல். மறுபுறம் களப்பும் வயலும் பற்றைக்காடும். மீன்பிடியும் வேளாண்மையும் உப்பு விளைவிப்பும் அவ்வட்டாரத்து மக்களின் தொழில்கள். வாடைக்காற்று எழுகின்ற காலத்தில் அக்கரையோர வீடுகளின் யன்னற் கம்பியைத் தொட்ட விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும் என்று சொல்வது மிகையன்று. முற்றத்தில் நிறுத்திய சைக்கிள் துருவேறுகின்றது. கதவுக் கீல் முனகுகின்றது. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுகின்றது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். கண்ணுக்குத் தெரியாமல், வீட்டினுள்ளே அலுமாரியின் மேலிருக்கும் வானொலிப் பெட்டியின் வயிற்றுக்குள்ளும் அதே உப்புக்காற்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது. அதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

2020 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2 ஆந் திகதி இரவு, ‘புரெவி’ என்னும் பெயர் கொண்ட சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய்ப் பகுதிகளை ஒட்டிய கரையிலே தரையைத் தொட்டது. அத்தகைய ஒரு மாலைப்பொழுதில் கடலோரத்து வீடொன்றை மனக்கண்முன் கொண்டுவரலாம். மின்சாரம் நின்றுவிட்டது. கைத்தொலைபேசியின் உயிரும் அடங்கிக்கொண்டிருக்கின்றது. வீட்டுக்காரர் பல மாதங்களாகத் தொடாதிருந்த திரான்சிஸ்டர் வானொலியை இறக்கி, கடையில் வாங்கிய புதிய பற்றரிகளை இடுகின்றார். ஓசையில்லை. குமிழைத் திருகுகின்றார், கர் கர் என்னும் இரைச்சல் மட்டும் எழுகின்றது.

“வாப்பா, ஒருக்காத் தட்டிப் பாருங்க” என்கின்றாள் அருகில் நிற்கும் மகள்.

தட்டுகின்றார். “வானிலை அவதான நிலையம் அறிவிப்பதாவது” என்று தெளிவாக ஒரு குரல் எழுகின்றது. அடுத்த கணமே அடங்கிவிடுகின்றது. மீண்டும் தட்டுகின்றார், இம்முறை அதுவுமில்லை.

பற்றரி புதியது. ஒலிபரப்பு நிலையம் ஒழுங்காக வேலை செய்கின்றது. பெட்டிக்குள்ளிருக்கும் திரான்சிஸ்டர்கள் யாவும் நலமாகவே இருக்கின்றன. குற்றம் எங்கே? பற்றரி அமரும் குழியின் அடியிலுள்ள சிறு வில்லின்மேல், கடுகளவான ஒரு பச்சைப் படலம் படர்ந்திருக்கின்றது. அவ்வளவே. அந்தக் கடுகு அவ்வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையிலே கதவை அடைத்துவிட்டது.

தட்டியதும் பெட்டி பேசியது ஏன் என்பதைச் சற்று ஆராய்வது நன்று. ஏனெனில் நோயின் இயல்பு முழுவதும் அந்தத் தட்டிலேயே அடங்கியிருக்கின்றது.

வானொலிப் பெட்டியாயினும், ஒலிபெருக்கியாயினும், பாட்டுப்பெட்டியாயினும், அதனுள்ளே மின்னோட்டம் செல்லும் வழி இருவகைப்பட்டது. பற்றாசு வைத்து ஒட்டப்பட்ட இணைப்புக்கள் ஒருவகை. அவை நிலையானவை. ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கின்ற இடங்கள் மற்றொரு வகை. பற்றரி வில், சுவிச்சு என்று மக்கள் வழங்கும் ஆளி, அலைவரிசை மாற்றும் குமிழ், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், ஒலிவாங்கியின் கம்பி செருகப்படும் துளை, பழைய வால்வுப் பெட்டிகளில் வால்வு அமரும் குதை ஆகிய யாவும் இவ்வகையின. இவற்றைத் தொடுமுனைகள் என்று சொல்லலாம். மனிதன் கைபட்டுத் திறக்கவும் மூடவும் திருப்பவும் கழற்றவும் வேண்டியிருப்பதால் இவற்றை ஒட்டிவிட முடியாது. வாய்க்காலில் ஓரிடம் அடைத்துக்கொண்டாலும் கடைமடை வயல் காய்கின்றது. அதுபோல இத்தொடுமுனைகளில் ஒன்று அடைபட்டாலும் பெட்டி ஊமையாகின்றது.

இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது அவற்றின் முகம் முழுவதும் படிந்து தொடுகின்றது என்றே யாவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. எவ்வளவு பளபளப்பாகத் தீட்டிய உலோகமும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே மேடும் பள்ளமுமாகவே காட்சியளிக்கும். மலைநாட்டைக் கவிழ்த்து மற்றொரு மலைநாட்டின்மேல் வைத்தால் சில சிகரங்கள் மட்டுமே முட்டும் அன்றோ? அதுபோலச் சில நுண்ணிய புள்ளிகளே உண்மையில் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அப்புள்ளிகளின் வழியாகவே நெருக்கிக்கொண்டு செல்கின்றது. இதனை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் சுவீடன் நாட்டுப் பௌதிக அறிஞர் றக்னர் ஹோம் என்பவர். ஏறத்தாழ 100 கிராம் நிறையளவான விசையுடன் இரண்டு செப்புத் துண்டுகளை அழுத்தினால், உண்மையில் தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே என்று கணக்கிடலாம். அந்தச் சிறுபரப்பின்மேல் மாசு படிவதற்கு மலையளவு அழுக்கு வேண்டியதில்லை.

பெட்டியைத் தட்டும்போது நிகழ்வது இதுதான். அதிர்ச்சியினால் உலோகங்கள் மயிரிழையளவு இடம்பெயர்கின்றன. அழுக்கேறிய புள்ளி விலகி, அழுக்கேறாத வேறொரு புள்ளி தற்செயலாகத் தொடுகின்றது, பெட்டி பேசுகின்றது. மறுகணம் வில் பழைய இடத்துக்கு மீள்கின்றது, பேச்சு நிற்கின்றது. தட்டுதல் மருந்தன்று. அது நோயின் இடத்தைக் காட்டும் நாடிக்குறி மாத்திரமே.

அழுக்கு எவ்வாறு வந்தது? செம்பும் பித்தளையும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்துக்கொள்கின்றன. வெள்ளி, களப்புச் சேற்றிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு வாயுவினால் கறுத்துவிடுகின்றது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இவ்வகை மாற்றத்தினாலேயே. றப்பர் நாடாவிலும் கந்தகம் கலந்திருப்பதால், வெள்ளி முலாம் பூசிய செருகிகளை அதனால் கட்டி வைப்பதும் தவறு. உள்ளூர்களில் இவை மெல்ல நிகழ்கின்றன. கடலோரத்திலோ உப்பு வந்து இவற்றுக்குக் கைகொடுக்கின்றது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது கறியுப்பின் துகள் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகின்றது. கடலுப்பிலே மகனீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது அதற்கும் மிகக் குறைந்த ஈரத்திலேயே கசிகின்றது. மழைக்காலத்தில் அடுக்களைச் சாடியிலுள்ள உப்புக் கசிந்து நிற்பதை இல்லத்துப் பெண்கள் யாவரும் கண்டிருப்பர். அதே கசிவு தொடுமுனையின்மேல் நிகழும்போது அங்கே ஒரு துளி உவர்நீர் உண்டாகின்றது. இரண்டு வேறு உலோகங்கள், நடுவிலே உவர்நீர். இதுவே ஒரு சிறு மின்கலம் அன்றோ? அக்கலம் இரவும் பகலும் வேலை செய்து, இரண்டு உலோகங்களில் ஒன்றைத் தின்றுகொண்டிருக்கின்றது. பச்சைப் படலமும் வெண்பொடியும் அதன் எச்சங்கள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வீட்டு விளக்கின் ஆளியும் இதே கடற்காற்றில்தான் இருக்கின்றது. அது மட்டும் ஏன் ஆண்டுக்கணக்காக வேலை செய்கின்றது? விடை மின்னழுத்தத்தில் உள்ளது. விளக்குக்கு வருவது 230 உவோற்று. அத்தகைய வலிய அழுத்தம் மெல்லிய படலத்தைத் துளைத்துக்கொண்டு சென்றுவிடும். ஒலிவாங்கியின்முன் ஒருவர் பேசும்போது அதில் எழும் அழுத்தமோ ஒரு உவோற்றின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே. வலியவன் மூடிய கதவை உடைத்துக்கொண்டு போகின்றான்; மெலியவன் வாசலிலேயே நின்றுவிடுகின்றான். ஆகவே எங்கே குரல் மிக மென்மையாகச் செல்கின்றதோ, அங்கேதான் தொடுமுனையின் தூய்மை மிகவும் வேண்டப்படுகின்றது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒலிவாங்கி திடீரென ஊமையாவதும், கோயில் திருவிழாவிலோ பள்ளிவாசலிலோ ஒலிபெருக்கி இரைவதும் பெரும்பாலும் இக்காரணம் பற்றியே. அங்கெல்லாம் காணப்படும் தடித்த செருகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களில் கையாலே இணைப்புக் கொடுப்பதற்காக உருவான செருகியின் வழித்தோன்றல். வடிவம் நூறாண்டுக்கு மேலாக மாறவில்லை. அதைத் துடைத்து வைக்க வேண்டிய கடமையும் மாறவில்லை.

குறையுள்ள தொடுமுனையைப் பழித்துக்கொண்டே போவதும் நீதியன்று. வானொலி பிறந்ததே அக்குறையிலிருந்துதான். 1878 ஆம் ஆண்டில் டேவிட் ஹியூஸ் என்பவர், தளர்ந்து தொடும் காபன் துண்டுகள் ஒலியின் அதிர்வுக்கேற்ப மின்தடையை மாற்றுவதைக் கண்டு, அதனையே ஒலிவாங்கியாகச் செய்து காட்டினார். 1890 இல் பிரான்சு தேசத்து எடுவார்ட் பிரான்லி, தளர்வாகக் கிடக்கும் உலோகத் தூள், மின்பொறி எழும்போது திடீரென மின்னைக் கடத்துவதை வெளியிட்டார். அத்தூளடைத்த குழாயே தொடக்ககாலக் கம்பியில்லாத் தந்தியின் செவியாயிற்று. ஒவ்வொரு குறியும் வந்த பின் அக்குழாயை ஒரு சிறு சுத்தியல் தட்டவேண்டியிருந்தது என்பது நேயர்களுக்கு வியப்பைத் தரலாம். வானொலியைத் தட்டும் வழக்கம் வானொலிக்கும் முந்தியது போலும்! கல்கத்தாவில் ஜகதீச சந்திர போசு தூளை நீக்கி, நுட்பமான உலோகத் தொடுமுனைகளால் அதைச் செம்மைப்படுத்தினார். ஈயக் கனிமமாகிய கலீனாவின்மேல் ஒரு கூர்முனை தொடும் கருவிக்கு 1904 இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் எளிய மக்கள் கேட்ட கனிமப் பளிங்கு வானொலியும் அவ்வகைத் தொடுகையைக் கொண்டே பேசியது.

உலோகத்தின்மேல் படரும் ஒட்சைட்டுப் படலம் சில வேளைகளில் அக்கனிமத்தைப்போலவே, மின்னோட்டத்தை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்கும் இயல்பைப் பெறுகின்றது. அப்போது அது வேண்டாத வானொலியாகிவிடும். திருகோணமலைக்கு வடக்கேயுள்ள இதே கரையோரத்தில் 1980களில் ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே நிறுவனம் ஒரு பெரிய அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தது. 2010களில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. அத்தகைய வலிய கோபுரங்களின் அயலிலே, பச்சை படர்ந்த ஒரு செருகி, செருகாத நிகழ்ச்சியையும் ஒலிபெருக்கியிலே கேட்கச் செய்யக்கூடும். பேயென்று அஞ்ச வேண்டியதில்லை. துணிகொண்டு துடைத்தாற் போதும்.

இனி, துடைக்கும் முறை. முதலாவது, பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிடல் வேண்டும். பற்றரியையும் எடுத்துவிடல் வேண்டும். பழைய வால்வுப் பெட்டிகளிலும் பெரிய ஒலிபெருக்கிகளிலும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் ஆபத்தான மின்னேற்றம் உள்ளே தேங்கி நிற்கும். அவற்றின் மூடியைத் திறப்பது தொழில் அறிந்தவருக்கே உரியது. பற்றரிக் குழி, வெளியே தெரியும் துளைகள், செருகிகள் ஆகியவற்றைத் துப்புரவாக்குவதே வீட்டாரின் எல்லை.

அடுத்தது, உலர்ந்த மென்றூரிகையினால் தூசியை அகற்றுவது. தூசியிருக்க ஈரம் பட்டால் அது சேறாகிவிடும்.

மூன்றாவது படியிலேதான் கடலோரத்தாருக்கும் உள்நாட்டாருக்கும் வேறுபாடு உண்டு. தொடுமுனைகளைத் துடைக்க மதுசாரமே சிறந்தது என்று நூல்கள் கூறும். ஐசோபுரோப்பைல் மதுசாரம் எனப்படுவது எண்ணெய்ப் பசையையும் கைவியர்வையின் பிசுக்கையும் கரைத்து, எச்சமின்றி உலர்ந்துவிடும். ஆனால் அது உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைப்பது நீரே. உப்புப் படிந்த தொடுமுனையை மதுசாரத்தால் எத்தனை முறை துடைத்தாலும், பிசுக்குப் போகும். உப்பு ஓரங்களிலே தங்கிவிடும். அடுத்த மழையில் அது மறுபடியும் கசியும். சென்ற மாதம் துடைத்த பெட்டி இந்த மாதம் மீண்டும் கரகரப்பதன் மறைபொருள் பல வீடுகளில் இதுவே. ஆகையால் குச்சவெளி போன்ற ஊர்களில் முதலில் நீர், பின்னர் மதுசாரம் என்பதே முறை. நீரும் கிணற்று நீராக இருத்தலாகாது. கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர் கலந்திருக்கும். மோட்டார் வண்டிப் பற்றரிக்கு ஊற்றுவதற்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீர் மலிவானது, தூயது. அதில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, அதன்பின் மதுசாரத்தால் துடைத்தால், மதுசாரம் எஞ்சிய ஈரத்தையும் தன்னோடு கொண்டு ஆவியாகிவிடும். மதுசாரம் எளிதில் தீப்பற்றும் என்பதையும், விளக்குக்கும் அடுப்புக்கும் அருகே அதனைத் திறத்தல் ஆகாது என்பதையும் மறத்தலாகாது.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையில் ஏறி இறங்கியபோது எத்தனையோ வீடுகளின் கருவிகள் கடல்நீரில் மூழ்கின. கடல்நீரில் நனைந்த பொருளை நீரில் கழுவுவதா என்று பலரும் தயங்குவர். வெயிலில் மட்டும் காயவைப்பர். வெயில் நீரைக் கொண்டுபோகும், உப்பை விட்டுவைக்கும். அத்தகைய கருவியை மீட்க வேண்டுமாயின், பற்றரியை நீக்கி, தாமதமின்றி நன்னீரில் கழுவி, பல நாள் நிழற்காற்றில் உலர்த்திய பின்னரே திருத்துநரிடம் கொடுத்தல் வேண்டும்.

பற்றரி கசிந்திருந்தால் அதற்கு வேறு முறை. நெடுநாள் உழைக்கும் காரக் கலத்திலிருந்து கசிவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் கடுங்காரம். அதன் வெண்பொடியைத் தேசிப்புளியோ வினாகிரியோ தொட்ட பஞ்சினால் துடைத்தால் காரம் அமிலத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். மலிவான நாகக் கலத்தின் கசிவு சற்று அமிலத்தன்மையுடையது. அதற்கு அப்பச்சோடா கரைத்த நீர் பொருந்தும். எதைப் பயன்படுத்தினாலும் பின்னர் நீர் தொட்ட துணியால் துடைத்து நன்கு உலர்த்தல் வேண்டும். புளி தங்கினால் அதுவே அடுத்த நோயாகும். கையிலும் கண்ணிலும் அப்பொடி படாது காத்துக்கொள்வது அவசியம்.

கறை பிடிவாதமாக இருந்தால் என் செய்வது? அரத்தாளைத் தேடி ஓடுவோர் பலர். அது மருந்தினும் நோயே மேல் என்று சொல்லத்தக்க செயலாகும். தொடுமுனைகளின்மேல் வெள்ளி, வெள்ளீயம், பொன் போன்ற உலோகங்கள் மிக மெல்லிய முலாமாகப் பூசப்பட்டுள்ளன. பொன் முலாம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவானது. அரத்தாளின் இரண்டு தேய்ப்பில் அது போய்விடும். அடியிலுள்ள செம்பு வெளிப்பட்டு முன்னிலும் விரைவாகக் கெடும். மாணவர் பென்சிற் கோட்டை அழிக்கும் றப்பரினால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்துவிடுவது பெரும்பாலும் போதுமானது. அதுவும் கறை போகாத இடத்தில் மாத்திரமே.

ஒலியளவுக் குமிழின் இரைச்சலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அதனுள்ளே காபன் பூசிய ஒரு வளைந்த பாதை உண்டு. அதன்மேல் ஒரு சிறு உலோக விரல் வழுக்கிக்கொண்டு செல்கின்றது. எப்போதும் ஒரே அளவில் வைத்துக் கேட்கும் வீடுகளில் விரல் ஓரிடத்திலேயே நின்று, ஏனைய பாதையில் மாசு படிகின்றது. பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இருபது முப்பது முறை திருப்பினாலே பாதி இரைச்சல் போய்விடும். விரலே துடைப்பமாகின்றது. ஒரு சதமும் செலவில்லாத இம்மருத்துவத்தை முதலில் செய்து பார்ப்பது நன்று. அதற்கும் அடங்காதாயின், தொடுமுனைக்கென்றே விற்கப்படும், மெல்லிய மசகு கலந்த துப்புரவுத் திரவத்தைத் திருத்துநர் ஒரு சொட்டு உள்ளே விட்டுக் குமிழைத் திருப்புவார். வெறும் கரைப்பான் மட்டும் விட்டால், செய்த இடத்திலே இட்ட மசகும் கரைந்துபோய், விரல் காபனைச் சுரண்டத் தொடங்கும். அன்று இரைச்சல் நிற்கும்; சில மாதங்களில் பாதையே தேய்ந்துவிடும்.

மசகு என்றதும் மற்றோர் ஐயம் தோன்றும். எண்ணெய் மின்னைக் கடத்தாத பொருளாயிற்றே. அதைத் தொடுமுனையில் இடுவது முரணன்றோ? மேலே சொன்ன சிகரங்களையும் பள்ளங்களையும் நினைவுகூர்ந்தால் ஐயம் நீங்கும். தொடும் சிகரங்களில் அழுத்தம் மிகுதி. அங்கிருந்து மசகு பிதுங்கி விலகிவிடும். பள்ளங்களிலே அது நிறைந்து நின்று, காற்றும் ஈரமும் உப்பும் உள்ளே புகாதபடி காவல் செய்யும். உராய்வையும் குறைக்கும். ஆகவே மசகின் வேலை மின்னைக் கடத்துவதன்று. மின் கடக்கும் வாயிலைக் காப்பது. காவலாளி ஒருவர் போதும். ஒரு படையே வந்து வாயிலை அடைத்தால் வீட்டார் உள்ளே செல்வது எவ்வாறு? துடைத்தெடுத்த பின் கண்ணுக்குத் தெரியாத ஒரு மென்படலம் எஞ்சினாற் போதும். மிகுதியான எண்ணெய் தூசியைச் சேர்த்துச் சேறாக்கும்.

தேங்காயெண்ணெய் இங்கே ஆகாது. அது நாளடைவில் கெட்டுப் பிசினாகும். மண்ணெண்ணெய் பசையை விட்டுச் செல்லும், தீயாபத்தும் உண்டு. துருப்பிடித்த திருகாணிக்கு அடிக்கும் ‘டபிள்யூ.டி. 40’ போன்ற திரவம், 1953 இல் அமெரிக்காவில் உலோகத்திலிருந்து நீரை அகற்றுவதற்கென உருவாக்கப்பட்டது; அதனை ஒலியளவுக் குமிழுக்குள் பீய்ச்சுவது அது செய்யப்பட்ட நோக்கத்துக்குப் புறம்பானது. முற்காலத்தில் திருத்துநர்கள் காபன் நாற்குளோரைட்டைத் தாராளமாகப் பயன்படுத்தினர். அது அழுக்கை நன்றாகப் போக்கியது. பயன்படுத்தியவரின் ஈரலையும் கெடுத்தது. பின்னர் ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின் கீழும் அது கட்டுப்படுத்தப்பட்டது. பழைய போத்தல் எங்கேனும் எஞ்சியிருப்பின் அதைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.

தொடுமுனையின் கேடு குரலை மட்டும் கெடுப்பதன்று. மின்னோட்டம் மிகுதியாகச் செல்லும் செருகிகளில் அது வெப்பமாக மாறுகின்றது. 10 அம்பியர் ஓட்டம் செல்லும் செருகியில், அழுக்கினால் ஓர் ஓமின் பத்திலொரு பங்கு தடை ஏறினால், அவ்விடத்தில் 10 உவாற்று வெப்பம் ஓயாது எழும். சிறு மின்னூட்டக் கம்பி முனையளவான இடத்தில் அவ்வளவு வெப்பம் எழுந்தால் செருகியும் குதையும் கருகும், தீயும் பற்றலாம். விழாப் பந்தல்களில் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் எடுக்கும் இடத்தில் செருகியைத் தொட்டுப் பார்த்துச் சூடேறியிருந்தால், நிகழ்ச்சி முடியட்டும் என்று காத்திராமல் மின்சாரத்தை நிறுத்தி அதை மாற்றிவிடல் வேண்டும். அதனைத் துடைத்துப் பயன்படுத்துவதும் கூடாது.

வருமுன் காப்பதற்கு வழிகள் எளியன. வானொலியைக் கடல் நோக்கிய யன்னலருகே வைத்தலாகாது. பயன்படுத்தாத நாட்களில் மூடியுள்ள தகரப்பெட்டியிலோ இறுகிய பையிலோ, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் வைக்கலாம்; உலர்ந்த அரிசி நிறைந்த சிறு துணிமுடிச்சும் ஓரளவு உதவும். நெடுநாள் வைப்பதாயின் பற்றரியை வெளியே எடுத்துவிடல் வேண்டும். ஆனால் நெடுநாள் வையாதிருப்பதே எல்லாவற்றிலும் மேலானது. ஆளியைத் திருப்புந்தோறும், செருகியைச் செருகுந்தோறும் உலோகம் உலோகத்தை உராய்ந்து தன் மாசைத் தானே போக்கிக்கொள்கின்றது. நாள்தோறும் பேசும் பெட்டியைவிட அலுமாரியில் உறங்கும் பெட்டியே விரைவில் ஊமையாகின்றது. உறவினரிடையேயும் இதுவே இயல்பு என்பதை முதியோர் அறிவர். போக்குவரத்து நின்ற வீடுகளுக்கிடையே எவரும் சண்டையிடாமலேயே ஒரு படலம் படர்ந்துவிடுகின்றது.

குச்சவெளியில் ஐப்பசி பிறந்து வடக்கே மின்னல் தெரியத் தொடங்கினால், கடற்றொழிலாளர் வள்ளத்தின் பலகைகளைத் தட்டிப் பார்ப்பர். நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்ப்பர். வலையை விரித்துப் பொத்தல்களை முடிவர். அந்த நாளிலேயே வானொலிக்கும் பத்து நிமிடம் ஒதுக்குவது பெரிய காரியமன்று. முன்னர்க் கண்ட வீட்டின் மகள் ஒரு துண்டுப் பஞ்சும், சிறிது வடித்த நீரும், சிறிது மதுசாரமும் கொண்டு பற்றரி வில்லைத் துடைக்கட்டும். குமிழை இருபது முறை திருப்பட்டும். பற்றரி இட்டு, வானிலை அறிக்கை தெளிவாகக் கேட்கின்றதா என்று செவிகொடுத்துப் பார்க்கட்டும். மாதத்துக்கொருமுறை அவள் அதனைச் செய்து வருவாளாயின், அடுத்த புயல் எந்தப் பெயரோடு வந்தாலும், அன்றிரவு அவள் தந்தை பெட்டியைத் தட்ட வேண்டிய தேவை இராது. அறிவிப்பு முழுவதையும் கேட்டு, வள்ளத்தை மேட்டில் ஏற்றுவதற்கும், அயல் வீட்டு முதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வதற்கும் அவருக்கு நேரம் இருக்கும்.